பின்னால் போகாத கார்

சீனிவாசகத்தின் காரில் ஏறிய யாரும் தும்மாமல் இறங்கியதில்லை. விருதுநகரில் மிளகாய்க் கமிஷன் கடை வைத்திருந்தவர் அவர். சாம்பிள் வற்றல் பைகள் கடையில் இருந்ததைவிட அவருடைய நீல அம்பாசிடரில் இருந்ததுதான் அதிகம். பின் சீட்டில் பை, டிக்கியில் பை, காலடியில் பை. அந்த நெடி சீட்டுக்குள் இறங்கி, கூரைத் துணிக்குள் ஏறி, நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. காய்ச்சல் பார்க்க வந்த டாக்டர் தும்மினார். கணக்குக் கேட்க வந்த வரி ஆபீசர் தும்மித் தும்மிக் கேட்க வந்ததையே மறந்து போனார். அவருடைய மச்சினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் குடும்பத்தோடு தும்மிவிட்டு, சகுனம் சரியில்லை என்று அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போனார்கள்.

வீட்டு ஆட்கள் மட்டும் தும்மமாட்டார்கள். பெயர் வைத்த நாளிலிருந்து அந்த நெடியிலேயே வளர்ந்த மூக்குகள். வாக்கப்பட்டு வந்த அவர் மனைவி பேச்சியம்மாள்கூட முதல் வருஷம் முழுக்கத் தும்மிவிட்டு, மூத்தவள் யோகேஸ்வரி வயிற்றில் இருந்தபோது ஒருநாள் சட்டென்று நிறுத்திவிட்டாளாம். அன்றைக்குத்தான் அவள் இந்த வீட்டுக்காரி ஆனாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சீனிவாசகத்துக்கு ஒரு சட்டமும் இருந்தது. வியாபாரக்காரன் வண்டி பின்னால் போகக் கூடாது. போனால் அன்றைக்கு மிளகாய் விலையும் பின்னால் போகும். மார்க்கெட்டில் வேறு யாருக்கும் இப்படி ஒரு நம்பிக்கை கிடையாது. எப்போதோ ஒரு நஷ்டத்துக்குப் பிறகு அவராகவே இயற்றிக்கொண்டது. அப்படியென்றால் ஷெட்டிலிருந்து காரை எப்படி வெளியே எடுப்பது? அதற்கு லோடுமேன் சோணைமுத்துவும் இன்னொருவரும் வந்து முன்பக்கம் கைவைத்துத் தள்ளுவார்கள். "மொதலாளி, தள்ளுனாலும் பின்னாலதான போகுது?" என்று சோணைமுத்து ஒருநாள் கேட்டேவிட்டார். தள்ளினால் அது வண்டி போனதாகாது, ஆட்கள் கொண்டுபோனதாகும் என்று சட்டத்துக்கு உட்பிரிவு சொன்னார் சீனிவாசகம். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

பேச்சு அவருக்கு வராது. கோபமும் வராது, பிரியமும் வாய் வழியாக வராது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வருவார். அந்தக் காருக்குப் பிரேக் என்பது ஒரு வேண்டுகோள் மாதிரிதான். மிதித்த பிறகு யோசித்துத்தான் நிற்கும். வாசலைத் தாண்டி, பெட்டிக்கடையைத் தாண்டி, சைக்கிள் கடைக்கு முன்னால் போய் நிற்கும். ரிவர்ஸ் வரமாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார். கார் நிற்கிறதே, அதுவே கூப்பிட்டதுதான் என்பது அவர் எண்ணம். பிள்ளைகள்தான் ஓட வேண்டும். யோகேஸ்வரி முதலில் ஓடி முன் சீட்டைப் பிடிப்பாள். தம்பி முனியராஜ் முதுகில் பை குதிக்க, அழாத குறையாகப் பின்னால் ஓடி வருவான். விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் யோகேஸ்வரி வருஷா வருஷம் ஜெயித்ததற்குக் காரணம் அந்த பிரேக்தான்.

முன் சீட்டு அவளுடையது. பலகை போட்டது மாதிரி ஒரே நீள சீட்டு. அப்பாவின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு கியர் மாற்றுவாள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அவளுக்குக் கைப்பாடம். ரிவர்ஸ் எந்தப் பக்கம் விழும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பின்னால் அம்மாவும் தம்பியும் பொங்கப் பானையும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்க, அவள் மட்டும் கண்ணைத் தூக்கம் அழுத்த அழுத்த முழித்திருப்பாள். அப்பாவுக்குப் பேச்சுத் துணை என்று பெயர். இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அந்த வழிகளில் எல்லாம் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பது, அந்தக் காரில் ஏற முடியாமல் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தக் கார்தான் இப்போது சிவகாசியில் அவள் வீட்டு வாசலைத் தாண்டி, நான்கு வீடு தள்ளிப் போய் நின்றது.

ஆவணி மாதம். தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். யோகேஸ்வரி லித்தோ பிரஸ் ஆபீசில் இரண்டு நாள் லீவு கேட்டதற்கு, முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்திருந்தார். மறுநாள் காலை முனியராஜின் மகள் வேல்விழிக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் நலுங்கு. அத்தை வந்து முதலில் வைக்க வேண்டும்.

பத்திரிகை ஏற்கெனவே வந்துவிட்டது. போன வாரம் முனியராஜும் அவன் மனைவி கற்பகவல்லியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு வந்திருந்தார்கள். "மதினி, நீங்க ரெண்டு நாள் முந்தியே வந்துரணும், நீங்க இல்லாம ஒரு காரியமும் ஆகாது" என்று கற்பகவல்லிதான் பேசினாள். நல்ல மனுஷி. முனியராஜ் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி முழங்கையால் இடித்தபோது "ம்" என்றான். அந்த "ம்"முக்காக யோகேஸ்வரி ஒரு வாரமாகப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவன் தனியாக வந்து வாசல் நிலையில் நின்றான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காதோரம் நரைத்திருந்தது.

"அம்மா கூட்டிட்டு வரச் சொன்னா" என்றான்.

"உள்ள வாங்க மாப்ள, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார் பெனிட்டோ. யோகேஸ்வரியின் கணவர். பள்ளிக்கூட வாத்தியார், அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்.

"இருக்கட்டும் அத்தான். நேரமாச்சு."

யோகேஸ்வரி சேலை மாற்றுகிறேன் என்று உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே வந்த பெனிட்டோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜாஸ்பின் மதுரைல டூட்டி முடிச்சுட்டு வரட்டும், நானும் அவளும் சாயங்காலம் வந்துருறோம். நீ இப்பப் போ."

"அந்த வீட்டு வாசல்ல நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

"இம்புட்டு வருஷமா ஒரே கேள்விய மடியில வச்சுக்கிட்டு இருக்க. பதில் சொல்ல வேண்டியவரு போயிட்டாரு. தெரிஞ்ச இன்னொருத்தன் வாசல்ல நிக்கிறான். வழியில கேட்டுரு. கேக்காம மட்டும் திரும்பி வந்துராத."

அந்தக் கேள்வி பெனிட்டோவுக்கும் மனப்பாடம். அவர்கள் மகள் ஜாஸ்பினைப் போல அதுவும் அந்த வீட்டிலேயே வளர்ந்தது.

பி.காம். முடித்துவிட்டு விருதுநகரிலிருந்து தினமும் சிவகாசிக்கு வேலைக்குப் போன காலத்தில், அதே பஸ்ஸில் வந்தவர்தான் பெனிட்டோ. சில்லறை இல்லாத நாளில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பிறகு சில்லறை இருந்த நாளிலும் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் சொன்னபோது பேச்சியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வேதக்கார மாப்பிள்ளையா, சர்ச்சில் கல்யாணமா, ஊர் என்ன சொல்லும் என்று சொந்தபந்தம் எல்லாம் கூடிக் குதித்தது. சீனிவாசகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவள் போனாள்.

அடுத்த வருஷம் ஒருநாள். யோகேஸ்வரிக்கு அது ஏழாம் மாதம். ஆமத்தூரில் பெனிட்டோவோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு, சிவகாசி பஸ்ஸுக்காக ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்றிருந்தாள். மத்தியான வெயில். கையில் குடை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அப்போதுதான் அந்த நீலக் கார் வந்தது. ஓட்டியவர் அப்பா. பின் சீட்டில் முனியராஜ். கண்ணும் கண்ணும் பார்த்த மாதிரிதான் இருந்தது. கார் அவளைத் தாண்டியது. வேகம் குறைந்தது. தூரத்தில் போய் நின்றது.

அவள் ஓடவில்லை. ஓடும் நிலையில் அவள் இல்லை. அவர் பின்னால் வருவார் என்று நின்றாள். மகள் வயிறும் பிள்ளையுமாக நிற்கிறாள், இன்றைக்காவது அந்தப் பாழாய்ப்போன சட்டத்தை விட்டுவிட்டுப் பின்னால் வருவார் என்று நின்றாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. சிவகாசி பஸ் வந்தது. மானமும் ரோஷமும் பொங்க அதில் ஏறி உட்கார்ந்தாள். பஸ் காரைத் தாண்டிப் போகும்போது முகத்தை வேண்டுமென்றே மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

தன் வயிற்றைப் பார்த்த பிறகும் அப்பா ஏன் பின்னால் வரவில்லை? அவ்வளவுதான் அந்தக் கேள்வி. வெறுத்துவிட்டார் என்றால் ஏன் நிறுத்தினார்? வெறுக்கவில்லை என்றால் ஏன் வரவில்லை? பிரசவ வலியில் அவள் இதைத்தான் நினைத்தாள். மகள் நடக்கப் பழகியபோதும் நினைத்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்த சேதி வந்து ஓடியபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்து மனசுக்குள் கேட்டதும் இதைத்தான். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அந்த வழக்கம் அன்றைக்கு எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அம்மா மட்டும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி எதிரே நின்றும் பேசவில்லை. அவளும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். நான்கு வீடு தள்ளி நின்ற காரை நோக்கி நடந்தாள். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. முன் கதவை அவன் திறந்துவிடவில்லை. அவளும் அதன் பக்கம் போகவில்லை. விருந்தாளி மாதிரிப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"இதை இன்னுமா வச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"அம்மா விக்க விடமாட்டேங்கா. எனக்கு வேற காரு இருக்கு. உன்னைய இதுலதான் கூட்டியாரணும்னு சொல்லிட்டா."

அதோடு பேச்சு முடிந்தது. சிவகாசியைத் தாண்டும் வரை இருபுறமும் பட்டாசுக் கடை போர்டுகள், எண்பது சதவீதத் தள்ளுபடி, தொண்ணூறு சதவீதத் தள்ளுபடி என்று ஒன்றோடு ஒன்று சண்டை போட்டுக்கொண்டு நின்றன. இன்னும் கொஞ்சம் போனால் பட்டாசோடு கையில் காசும் தருவார்கள் போல. முன்னால் ஒரு லோடு லாரி தார்ப்பாய் கட்டி ஊர்ந்தது. முனியராஜ் ஹாரன் அடிக்காமல் அதன் பின்னாலேயே பொறுமையாகப் போனான். பின்னாலிருந்து பார்க்க அந்தப் பிடரியும் தோளும் அப்பாவுடையதே. கேட்டுவிடு, கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டு, அவர் உன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று பதில் வந்துவிட்டால்? தெரியாமல் இருந்தவரைக்கும் பாதி நம்பிக்கையாவது இருந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டுமா?

திருத்தங்கலைத் தாண்டியபோது மூக்குக்குள் ஏதோ ஊர்ந்தது. யோகேஸ்வரி மூச்சைப் பிடித்தாள். மூக்கு நுனியைக் கிள்ளிக்கொண்டாள். முந்தானையை வைத்து அழுத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கார் குலுங்கும்படி தும்மினாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று கண்ணில் தண்ணீர் வர வர வந்துகொண்டே இருந்தது.

முனியராஜ் கண்ணாடியில் பார்த்தான். பல வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"பரவால்லக்கா. ஏறுற எல்லாரும் தும்மத்தான் செய்றாக."

எல்லாரும். யோகேஸ்வரிக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. டாக்டரும் வரி ஆபீசரும் பெண் பார்க்க வந்தவர்களும் தும்மிய சீட்டில் அவளும் ஒருத்தி. முன் சீட்டில் கைமேல் கை வைத்து கியர் போட்டவள். ஜன்னலைப் பார்த்தாள். ஆமத்தூர் வந்துகொண்டிருந்தது.

"காரை நிறுத்துலே."

"என்னக்கா?"

"நிறுத்துங்கேன்!"

பிரேக் இன்னும் பழைய குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாப்பைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது. யோகேஸ்வரி கதவைத் திறந்து இறங்கி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனியராஜ் பின்னால் ஓடி வந்தான்.

"அக்கா, தும்முனதுக்கா கோவம்? வேல்விழியும்தான் தும்முறா. அவ அம்மாவும் தும்முறா. அப்பா போனதுக்கு அப்பறம் நான் பருப்புக் கமிஷன்தான் பாக்கேன், வத்தலே ஏத்துறதில்ல. நானே வாரத்துக்கு ஒரு நாள் எடுத்தா தும்முறேங்க்கா."

"தும்மலை விடு." அவள் நின்று ரோட்டின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். புளியமரம் போய் அங்கே சிமெண்டு நிழற்குடை வந்திருந்தது. "அந்தா, அங்கன நான் நின்னேன். ஏழு மாசம். காலு வீங்கிப்போய் நின்னேன். அப்பா என்னையத் தாண்டிப் போயி காரை நிறுத்துனாரு. நீயும் உள்ள இருந்த. என் வயித்தைப் பாத்தீகள்ல ரெண்டு பேரும்? ஏன்லே பின்னால வரல? பெத்த மகளுக்காக ஒரே ஒரு தடவ பின்னால வந்தா மிளகா விலை என்ன பாதாளத்துக்கா போயிரும்?"

முனியராஜின் முகத்தில் இருந்தது குழப்பம்.

"வந்தாரேக்கா."

"என்னது?"

"அப்பா பின்னால வந்தாரேக்கா. உனக்குத் தெரியாதா?"

ஒரு லாரி கடந்து போனது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"காரை நிறுத்திட்டுக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றான் முனியராஜ். "முன் சீட்டுல சாம்பிள் பை கெடந்துச்சு. எடுத்துப் பின்னால போடுலேன்னாரு. போட்டேன். சீட்டைத் துண்டால தட்டி விட்டாரு. நீ ஓடி வருவேன்னு உக்காந்திருந்தாரு. நீ வரல. அப்பறம் ரிவர்ஸ் போட்டாரு. நான் பொறந்ததுலருந்து அவரு அந்தக் கியரைப் போட்டுப் பாத்ததில்ல. அது விழல. டர்ருன்னு கத்துச்சு. எனக்கு அவருக்கு என்னமோ ஆயிப்போச்சோன்னு பயம். திரும்பப் போட்டாரு, விழுந்துருச்சு. வண்டி பின்னால வந்துச்சு, ஒரு மொழம் இருக்கும். அதுக்குள்ள பஸ்ஸு வந்து நடுவுல நின்னு வழிய மறைச்சுருச்சு. எங்கிட்டுப் போக?"

"ஒரு வெளக்குகூட எரியலையேலே" என்றாள் யோகேஸ்வரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அந்த வண்டில ரிவர்ஸ் வெளக்கு என்னைக்கு எரிஞ்சுச்சு? போடாத கியருக்கு எதுக்கு பல்புன்னு அவருதான மாத்தாம விட்டாரு."

"என் வயிறு..."

"உன் முன்னால கூடைக்காரிக உக்காந்திருந்தாக. கண்ணாடில குடைதான் தெரிஞ்சுச்சு. நீ மாசமா இருந்ததே எங்களுக்குத் தெரியாதுக்கா. ஜாஸ்பின் பொறந்ததைக் கொஞ்ச நாள் கழிச்சு மார்க்கெட்டுல யாரோ சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா நீ ஓடி வருவேன்னு உக்காந்திருப்பாரா?" அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "பஸ்ஸு எங்களைத் தாண்டும்போது நீ மூஞ்சியத் திருப்புன. அதைப் பாத்துட்டாரு."

யோகேஸ்வரி நிழற்குடைக்கு எதிரே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். புதுச் சேலை மண்ணில் புரண்டது. இத்தனை வருஷமும் கட்டிக் காப்பாற்றிய கோபம் அவள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அது போன இடத்தில் வந்து உட்கார்ந்ததோ அதைவிடப் பெரிய துக்கம். ஒரு முழம். மனுஷன் அவளுக்காக ஒரு முழம் பின்னால் வந்திருக்கிறார். அவள் பஸ் படியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"பெறகு ஏன்லே வீட்டுக்கு வரல? பேத்தி பொறந்தது தெரிஞ்சும்?"

"கூப்பிட்டா வருவாளான்னு அம்மாகிட்ட ஒரு தடவ கேட்டாரு. நீங்க போயிக் கூப்பிடுங்கன்னு அம்மா சொன்னா. வேட்டி மாத்திக் காருகிட்டப் போனாரு. ஏறி உக்காந்தாரு. கொஞ்ச நேரம் இருந்துட்டு எறங்கி வந்துட்டாரு. என்னன்னு கூப்பிடுறதுன்னு தெரியலன்னாராம்."

"இதை ஏன்லே நீ எங்கிட்டச் சொல்லல?"

"நீ பாத்திருப்பேன்னுல நெனைச்சேன். பாத்தும்தான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போனேன்னு நெனைச்சேன். எனக்கும் உம்மேல கோவம் இருந்துச்சுக்கா. நீ கேக்கவும் இல்ல."

இதுதான் அந்தக் குடும்பம். ஒருவர் காரை நிறுத்திவிட்டு மகளுக்குப் புரியும் என்று உட்கார்ந்திருந்தார். ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் புரியும் என்று நின்றிருந்தாள். ஒருவன் இருவருக்கும் தெரியும் என்று பேசாமல் இருந்தான். மூன்று பேருக்கும் வாய் என்பது சாப்பிடுவதற்கு மட்டும்.

யோகேஸ்வரி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை அடங்கி, கோபம் மறுபடி வந்தது. இந்தத் தடவை அது உயிரோடு இருக்கிற ஆள்மேல்.

"நீ மட்டும் என்ன செஞ்சே?" என்றாள். "பத்திரிகை கொண்டாந்தே, உம் பொண்டாட்டி கூப்பிட்டா. இன்னைக்குக் காரைக் கொண்டாந்தே, அம்மா வரச் சொன்னான்னு சொன்னே. நீ கூப்பிட்டியா? உன் வாயால ஒரு தடவ? அவரு மாதிரியே காரை நாலு வீடு தள்ளி நிப்பாட்டிட்டு, இவளுக்குப் புரியும்னு நிக்கிற. எனக்குப் புரியாதுலே. இனிமே எனக்கு ஒண்ணும் புரியாது. வாயைத் தொறந்து சொன்னாத்தான் புரியும்."

முனியராஜுக்குக் காது இரண்டும் சிவந்தன. வேட்டி மடிப்பை அவிழ்த்தான், மறுபடி மடித்துக் கட்டினான். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், ஊரில் நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிறவன், ஒற்றை வார்த்தைக்கு அந்தத் தவி தவித்தான். யோகேஸ்வரிக்கு ஒரு நொடி இரக்கமாகக்கூட இருந்தது. ஆனால் விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. சொல்லாமலே புரியட்டும் என்று விட்டுக் கொடுத்த வழியில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார்.

"சரி" என்றாள். "நல்லாருங்க எல்லாரும்."

இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து, சிவகாசி பஸ் நிற்கிற பக்கம் போய் நிழற்குடைக்கு வெளியே நின்றாள். எதிர்ப்பக்கம் தம்பி நின்றான். நடுவில் லாரிகளும் மினி பஸ்களும் ஓடிக்கொண்டிருந்தன. வேல்விழி மணையில் உட்கார்ந்திருப்பாள். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகிறேன் என்று மிரட்டுகிறோமா, நிஜமாகவே போகப் போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பஸ் வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் வந்து நின்று தம்பியை மறைத்தது. நான்கைந்து பேர் இறங்கினார்கள். அவள் படிக்கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

"அக்கா!"

பஸ் இஞ்சின் சத்தத்தையும் தாண்டி அது கேட்டது. ஒரு கட்டைக் குரல். பழக்கமில்லாத வேலைக்கு வந்த குரல்.

"அக்கா, போகாதக்கா! வீட்டுக்கு வாக்கா! நீ வராட்டி எனக்கு யாருக்கா இருக்கா? உன்னையக் கூப்பிடாம அப்பா செத்துப் போனாரு, நானும் அப்பிடிப் போகணுமா? வாக்கா! வந்துருக்கா!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்க ஜன்னலுக்குத் திரும்பினார்கள். கண்டக்டர் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு யோகேஸ்வரியிடம் வந்தார்.

"உங்களத்தான் கூப்பிடுறாக போல. ஏறுறீகளா, போறீகளா?"

அவள் காலைக் கீழே எடுத்து வைத்தாள். போகலாம் என்று கையைக் காட்டினாள். கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்தது.

எதிர்ப்பக்கம் முனியராஜ் அவள் இறங்கியதைப் பார்க்கவில்லை. போகிற பஸ்ஸைப் பார்த்து, அக்கா, அக்கா என்று இன்னும் கத்திக்கொண்டே இருந்தான். ஆமத்தூர் ஜனம் பாதி கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. யோகேஸ்வரி ரோட்டோரம் தனியாக நின்று, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

"இம்புட்டுத்தானேப்பா" என்றாள், கூப்பிடத் தெரியாமலே போய்ச் சேர்ந்த அப்பாவிடம். "இம்புட்டுத்தானே."